சனிக்கிழமை அரை மணி நேரம்

கார் வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்காது. கார்களைப் பிடிக்கும். தூத்துக்குடி எட்டயபுரம் ரோட்டில் அப்பா விட்டுப்போன ஒர்க்‌ஷாப்பை நான்தான் நடத்துகிறேன். இருபது வருஷ மெக்கானிக் வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், எல்லோரும் ஒரே ரகம். வண்டி நடுரோட்டில் படுத்த பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடிச்சு" என்பார்கள். நேற்று வரைக்கும் அது கதறிக்கொண்டே ஓடியது, உனக்குத்தான் காது கேட்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வேன். என் பெயர் கிருபை. பெயரை நம்பி வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்கள் ஏராளம்.

இத்தனைக்கும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இந்த ஊரில் காற்றே உப்பு, ஆழ்துளைக் குழாயில் வரும் தண்ணீரும் உப்பு. மாதம் ஒரு தடவை வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஆயிலை நாள் பார்த்து மாற்ற வேண்டும். இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் குறைந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்தால் ஒரு வண்டி இருபது வருஷம் ஓடும். செய்யாதவன் எட்டாவது வருஷம் என் முன்னால் வந்து நின்று, கம்பெனிக்காரனைத் திட்டுவான்.

செய்யாதவர்களில் முதல் ஆள் பெனிஸ்டன். என் புருஷன். பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணமான புதிதில் அவனை "நீங்க" என்றேன், சண்டை தொடங்கிய பிறகு "நீரு" என்றேன், கோர்ட்டுக்குப் போன பிறகு "நீ".

பிரியும்போது வண்டி அவனுக்கு, பிள்ளை எனக்கு என்று ஆனது. அந்தச் சாம்பல் நிறக் கார் ஏழு வருஷம் என் கையில் இருந்தது. ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. எங்கள் மகள் பெர்சிக்கு இப்போது ஒன்பது வயது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விட வேண்டும். இது கோர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஏற்பாடு.

பெனிஸ்டனுக்குச் சொந்த ஊர் தருவைகுளம், பக்கத்துக் கடற்கரைக் கிராமம். கரையில் நண்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, டவுனில் இருக்கும் கம்பெனிக்குக் கொண்டுவந்து கொடுக்கிறான். சொந்தமாக ஒரு ஃபைபர் படகும் இருக்கிறது. அந்தப் படகு இன்ஜினை அவன் பார்த்துக்கொள்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஓடவிட்டு இன்ஜினுக்குள் இருக்கும் உப்பை வெளியேற்றுவான். பிளக்கைக் கழற்றித் துடைப்பான். ஈரத்துணியைப் பிழிந்து, பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல அதைத் துடைப்பான். கார் என்றால் மட்டும் அலட்சியம். கேட்டால் அவனிடம் ஒரு நியாயம் தயாராக இருக்கும்.

"கடல்ல நின்னுபோச்சுன்னா உசுரு போயிரும். ரோட்டுல நின்னா எறங்கி நடந்துரலாம். இதுக்குப் போயி என்னத்துக்குளா பதறுத?"

கடற்கரைக்காரனுக்கு மட்டும்தான் இப்படிப்பட்ட மூளை இருக்க முடியும். ரோட்டில் வண்டி நின்றுபோவது ஆபத்தில்லை, நிறுத்த நினைக்கும்போது நிற்காமல் போவதுதான் ஆபத்து என்று எத்தனை தடவை சொன்னாலும் அவன் மண்டையில் ஏறாது. "ஓடுறது ஓடட்டும்" என்பான். குடும்பத்தையும் அப்படித்தான் ஓட்டினான். கொஞ்சம் உட்காரும், பேசணும் என்று நான் சொன்ன நாளெல்லாம் அவனுக்குப் படகில் வேலை இருந்தது.

பிரிந்து ஆறு மாதத்தில் அந்த வண்டியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. டிக்கியில் நண்டுப் பெட்டியை அடுக்கியிருந்தான். ஐஸ் உருகி, உப்பும் நண்டுக் கவிச்சியும் சேர்ந்த தண்ணீர் அடித்தகட்டின் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஆயில் தார் மாதிரி கருத்துக் கிடந்தது. ஒரு நாள் விட்டுவிட்டுப் போ, சரி செய்து தருகிறேன் என்றேன்.

"எம் வண்டியில நீ கை வச்ச, கை இருக்காது" என்றான்.

சரி, போய்த் தொலை என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வண்டியின் பின் சீட்டில் என் மகள் உட்காருகிறாள். போகிற வழியோ உப்பு லாரியும் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரியும் முட்டிக்கொண்டு ஓடுகிற ரோடு.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சனிக்கிழமை பத்து மணிக்கு அவன் வருவான். "பெர்சி இன்னும் குளிக்கல" என்று உள்ளேயிருந்து கத்துவேன். என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனுக்குப் பிடிக்காது. எதிரே சீனித்தாய் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வான். சாவி வண்டியிலேயே இருக்கும், தருவைகுளத்துப் பழக்கம். குளித்து, சாப்பிட்டு, தலைசீவி முடித்த பெர்சி உள்ளறையில் சத்தம் காட்டாமல் படம் வரைந்துகொண்டிருப்பாள். நான் பலகையைப் போட்டு வண்டிக்கடியில் நுழைவேன்.

அரை மணி நேரத்தில் எவ்வளவோ செய்யலாம். ஒரு வாரம் ஆயில் மாற்றினேன். மறு வாரம் கூலண்ட், அதற்கடுத்த வாரம் பிரேக் ஷூ. வாரா வாரம் டிக்கியின் அடியில் நல்ல தண்ணீர் அடித்து, துடைத்து, கிரீஸ் தடவினேன். பத்தரைக்குப் பிள்ளையை வெளியே அனுப்புவேன். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறேன் என்று அவன் திட்டிக்கொண்டே போவான், பதிலுக்கு நானும் திட்டுவேன். வண்டி மட்டும் சமர்த்தாக ஓடும். தன் ராசியால் ஓடுகிறது என்று அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதாகக் கேள்விப்பட்டபோது, ஆயிலுக்குப் பதில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கலாமே என்று தோன்றியது.

இரண்டரை வருஷம் இப்படிப் போனது. அப்புறம் பிள்ளைக்கு அம்மை போட்டு மூன்று வாரம் அவனிடம் அனுப்பவில்லை. வண்டியும் என் கண்ணில் படவில்லை. நான்காவது சனிக்கிழமை அடியில் நுழைந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்பின் மேல், டிக்கி தகட்டில் விழுந்த ஓட்டை வழியாக நண்டுத் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் காய்ந்திருந்தது. நான் தடவிய கிரீஸை அவன் எங்கோ சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவியிருந்தான். நகத்தால் சுரண்டினேன். கிரீஸுக்குள் மறைந்திருந்த பழைய துருவும் சேர்ந்து ஏடு ஏடாக உரிந்து கையில் வந்தது.

அந்தப் பைப்பை மாற்ற அரை மணி போதாது. பழையதைக் கழற்றி, புதிதை வளைத்துப் பொருத்தி, பிரேக் ஆயிலில் இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்ற வேண்டும். பாதி நாள் வேலை. வேறு வழியில்லாமல் டீக்கடைக்குப் போய் அவன் முன்னால் நின்றேன்.

"பிரேக் பைப்பு அத்துப்போற மாதிரி கெடக்கு. வண்டிய இங்கன விட்டுட்டுப் போ. சாயங்காலம் எடுத்துக்க."

அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். "அப்போ வண்டிக்கடியில நொழஞ்சியா? என்னளா செஞ்சு வச்ச?"

"நான் ஒண்ணும் செய்யல. ஒன் நண்டுதான் செஞ்சுது."

"மூணு வாரமா அம்மைன்ன. இப்ப பிரேக்குன்னு சொல்லுத. எம் பிள்ளைய எங்கிட்ட விடக்கூடாது. அவ்வளவுதான ஒனக்கு?"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். சீனித்தாய் மட்டும் பார்க்காத மாதிரி கிளாஸைக் கழுவினாள். அன்றைக்குப் பெர்சிக்கு மறுபடி காய்ச்சல் என்று பொய் சொல்லி அனுப்பாமல் விட்டேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு புழுதி கிளப்பிப் போனான். போகட்டும், தனியாகத்தானே போகிறான் என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டவள்தான் நான்.

வியாழக்கிழமை வக்கீல் நோட்டீஸ் வந்தது. எதிர்மனுதாரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேண்டுமென்றே முப்பது நிமிடம் தாமதம் செய்து தகப்பனின் உரிமையைப் பறித்து வருகிறார். பொய்க் காரணம் சொல்லிக் குழந்தையை மறைத்தார். இனி ஒரு முறை பத்து மணி தவறினாலும் குழந்தையைத் தகப்பன் பொறுப்பில் ஒப்படைக்கக் கோரி மனு போடப்படும். மூன்று தடவை படித்தேன். இரண்டரை வருஷத்து அரை மணிகளைத் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தான். படகு இன்ஜினுக்குக் காட்டுகிற கவனத்தை அதில் காட்டியிருந்தான். அனுப்பாவிட்டால் பிள்ளை கையை விட்டுப் போகும். அனுப்பினால் அந்த பிரேக்கை நம்பிப் போவாள்.

சனிக்கிழமை ஒன்பது ஐம்பத்தைந்துக்கே அவன் வந்தான். செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, வண்டியின் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தான். சரியாகப் பத்து மணிக்குப் பெர்சி பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் போனைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொன்னான். வண்டியைக் கிளப்பினான். நான் போய் பானெட்டுக்கு முன்னால் நின்றேன்.

"வழி விடுளா. எல்லாம் பதிவாவுது."

"ஆவட்டும். ஒண்ணே ஒண்ணு செய்யி. நின்ன இடத்துலயே பிரேக்க முழுப் பலத்தோட மூணு தடவ மிதி. ஒண்ணும் ஆவலன்னா நான் வெலகிருதேன். இனிம சென்மத்துக்கும் வாயத் தொறக்க மாட்டேன். அதையும் ஒன் வீடியோவுல பதிஞ்சுக்க."

அவன் சிரித்தான். போன் பக்கம் திரும்பி, "எல்லாரும் பாத்துக்கோங்க" என்றான். மிதித்தான்.

ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது தடவை ஓங்கி மிதித்தான். வண்டி லேசாகக் குலுங்கியது. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அவன் முகத்தில் வெற்றி தெரிந்தது. இருபது வருஷத்தில் ஒரு வண்டி உடைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். ஆண்டவரே உடைத்துவிடும், இங்கேயே உடைத்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது தடவை, என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் காலில் வைத்து மிதித்தான். அடியில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவன் கால் சடாரென்று கீழே போனது. மறுபடி மிதித்தான். பெடல் பொதபொதவென்று இறங்கியது. பின் சக்கரத்தின் பக்கம் பிரேக் ஆயில் பீய்ச்சி, சிமெண்டுத் தரையில் ஓடி, பெர்சி உட்கார்ந்திருந்த கதவுக்குக் கீழே குளமாக நின்றது.

போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

பெர்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்பா, அம்மா வாரா வாரம் வண்டிக்கடியில படுத்துப் பார்ப்பா. அதுவரைக்கும் என்னைய உள்ள ஒளிஞ்சிருக்கச் சொல்லுவா. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொன்னா."

பெனிஸ்டன் இன்ஜினை அணைத்தான். இறங்கி வந்து, குனிந்து தரையில் ஓடிய ஆயிலை விரலால் தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. போனை எடுத்து அணைத்தான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். சாவி வண்டியிலேயே இருந்தது.

அன்று முழுவதும் வாய் ஓயாமல் அவனைத் திட்டிக்கொண்டே பைப்பை மாற்றினேன். கழற்றிய பழைய பைப்பைக் கையால் வளைத்தபோது முறுக்குப் போல் நொறுங்கியது. கோட்டை மாதிரி இருந்த வண்டியை மூன்று வருஷத்தில் இப்படிச் செய்ய ஒரு தனித் திறமை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

எடுத்துக்கொண்டு போனான். ஒரு நன்றி இல்லை, மன்னிப்பு இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

இரண்டு வாரம் கழித்து அதே வக்கீலிடமிருந்து இன்னொரு தாள் வந்தது. அடுத்த சண்டைக்குத் தயாராகத்தான் பிரித்தேன். உள்ளே இரண்டே வரி. குழந்தையை ஒப்படைக்கும் நேரத்தைக் காலை பத்து என்பதிலிருந்து பத்தரை என மாற்ற மனுதாரர் சம்மதிக்கிறார். காரணம்: வாகனப் பராமரிப்பு. கீழே பெனிஸ்டனின் கோணல் கையெழுத்து இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மறு சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தான். முகத்தைப் பார்க்காமல் சாவியை மேஜை மேல் வைத்தான். பெர்சி உள்ளே போய் ஒளியவில்லை. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு சீனித்தாய் கடைக்குப் போனாள். டிக்கியைத் திறந்தேன். நண்டுப் பெட்டி இல்லை, தகடு கழுவிக் காய்ந்திருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் எரிச்சலாக வந்தது. பலகையைப் போட்டு அடியில் நுழைந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் எதற்கோ சிரிப்பது கேட்டது.

பைப்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தபோது கண் கலங்கியது, கிரீஸ் கையால் துடைக்கவும் முடியவில்லை. ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோது நான் அவனிடம் கேட்டதும் இதைத்தான். வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம், உட்கார்ந்து என்ன பழுது என்று பார்க்க. அதை இப்போது வண்டிக்குக் கொடுத்துவிட்டான்.