எதுவும் சேராத ரத்தம்

அக்காவுக்கு ரத்தம் வேண்டும் என்றதும், லாரி ஓட்டும் தம்பி தன்னோடு வேலை பார்க்கும் எட்டுப் பேரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். எல்லோருக்கும் அவள் ரத்தப் பிரிவுதான். பரிசோதனைக்கூடத்துப் பெண் ஒவ்வொருவர் ரத்தத்தையும் அக்காவின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“ஒண்ணுகூட சேரலைங்க. அவங்க உடம்பே அவங்க ரத்தத்தை எதிரின்னு நினைச்சு அழிக்குது. வெளியிலேர்ந்து எது போனாலும் அதே கதிதான்.”

“நான் கூடப் பொறந்த தம்பிங்க. என்னோடதுமா?”

“உங்களோடதும்தான்.”

வார்டுக்குத் திரும்பி அக்காவிடம் சொன்னான். அவள் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. வாய் மட்டும் அடங்கவில்லை. “நமக்குள்ள என்னைக்குடா ஒத்துப்போச்சு?” என்றாள், மூச்சு வாங்க. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டீராய்டு மருந்து வேலை செய்யும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று, இருப்பதிலேயே குறைவாக முரண்டுபிடித்த ரத்தத்தை டாக்டர் ஏற்றச் சொன்னார். அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைத் தம்பி கண்கொட்டாமல் பார்த்தான். இறங்கி முடிவதற்குள் அவள் சிறுநீர் கறுத்துவிட்டது. ஏற்றிய ரத்தமும் உள்ளே உடைந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, “மருந்து கேக்க ஆரம்பிச்சிருக்கு” என்று டாக்டர் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்காவின் நுரையீரலில் ரத்தம் கட்டியாக உறைந்து அடைத்துக்கொண்டது. நர்சுகள் ஓடி வந்து அவனை வெளியே அனுப்பினார்கள். அரை மணி நேரத்தில் டாக்டர் வந்தார். அவர் வாயைத் திறக்குமுன்பே அவனுக்கு விளங்கிவிட்டது.

குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்த அக்காவின் கணவருக்குப் போன் போட்டான். “அத்தான்” என்றான். “அக்கா போயிட்டா.”