பியூரெட் ஏந்தியவள்

ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் ஒரே பெண்ணைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். ஜப்பான் கார்ட்டூன்களில் வருவதுபோல் அவள் முகத்தில் பாதி கண்கள்தான். வேதியியல் படித்த மூன்று ஆண்டுகளில் அவளுக்கு ஒரு லேப் கோட்டும், ஈட்டிபோல் பிடித்துக்கொள்ள பியூரெட் என்னும் நீளமான கண்ணாடி அளவுக்குழாய் ஒன்றும் கிடைத்தன. யாருக்கும் காட்டியதில்லை. எங்கள் வகுப்பில் அந்தக் கார்ட்டூன்களைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். எனக்கு "பொம்மைப் படம்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அதே மாதிரிக் கண்களை ஷேர் ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒட்டுகிறார்கள்.

கோச்சடையில் அசோக்குமார் அண்ணனின் பிளக்ஸ் கடையில் எனக்கு டிசைனர் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அவளை வரைவேன். ஒருநாள் பைலை மூடாமல் கைகழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஜெயபாண்டி என்ற வாடிக்கையாளர் திரைமுன் நின்றிருந்தார். அழகர்கோவிலில் அவர் மகளுக்குக் காதுகுத்து, அதற்குப் பேனர் அடிக்க வந்திருந்தார்.

"நல்லாருக்கே! எம் மக நாள் பூரா இந்த மாதிரிதான் பாக்குறா. இதையே போட்ருங்க."

"நம்ம பிள்ள வரைஞ்சது போலண்ணே," என்றார் அசோக்குமார். அவருக்கே அப்போதுதான் தெரியும்.

"கையில என்னம்மா, குழாயா?"

"பியூரெட்ண்ணே."

"என்னமோ, வேல் மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். மூஞ்சிய மட்டும் எடுத்துட்டு எம் மக மூஞ்சிய வச்சிரு."

அதுதான் வழக்கம். ராஜா உடம்பிலும் போலீஸ் உடம்பிலும் எத்தனையோ குழந்தைகளின் முகங்களை நானே ஒட்டியிருக்கிறேன்.

"மூஞ்சிய மாத்துனா அது அவ இல்லண்ணே," என்றேன்.

"எவ?" என்றார் ஜெயபாண்டி.

அசோக்குமார் சிரித்துவிட்டார். "காதுகுத்து அவரு மகளுக்கும்மா. உன் பொம்மைக்கு இல்ல."

"வேற ஒண்ணு வரைஞ்சு தாரேண்ணே."

"எம்புட்டு நேரமாகும்?"

"ரெண்டு நாள்."

"நாளைக்குக் காலைல கட்டணும்மா."

கழுத்தில் வெட்டினேன். அவர் மகள் இசைவாணி போட்டோவில் நேராகப் பார்த்தாள். என் பெண்ணின் கழுத்து லேசாகச் சாய்ந்திருக்கும். போட்டோவை ஏழு டிகிரி திருப்பினேன். பொருந்திவிட்டது. பொருந்தாது என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் அதே படத்தைக் கேட்டு நான்கு பேர் வந்தார்கள். இரண்டு காதுகுத்து, ஒரு சடங்கு, வண்டியூரில் ஒரு கபடிக் குழு. கபடிக் குழுவின் தலைவருக்கு மீசை இருந்தது. அவர் முகத்தையும் ஒட்டினேன்.

"இனிமே மூஞ்சி இல்லாமயே சேவ் பண்ணி வச்சிரும்மா," என்றார் அசோக்குமார். "ஒவ்வொரு தடவையும் வெட்டிக்கிட்டு இருக்க வேணாம்ல."

நியாயம்தான். அப்படியே சேமித்தேன். கடைக் கம்ப்யூட்டரில் இப்போது கோட்டும் பியூரெட்டும் மட்டும் இருக்கின்றன, யார் முகத்துக்கும் தயாராக.

அவள் முகத்தைப் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அதற்கு வேறு உடம்பு வரைந்துகொண்டிருக்கிறேன், காகிதத்தில். தோள்வரை வந்திருக்கிறது.