கோல் அடிக்காதவன்

ஜப்பான்கார அதிகாரி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக் காட்டினான். பத்து விரலும் தீர்ந்ததும் தன் மூக்கைத் தொட்டு அதைப் பதினொன்றாக வைத்துக்கொண்டான். "செபெலாஸ் ஓராங்" என்றான் மலாயில். பதினோரு பேர். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி துரைசிங்கம் இடுப்பு வளையக் குனிந்து நிமிர்ந்து, பன்னிரண்டாக இருக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தாட்டத்தில் பன்னிரண்டு பேர் எந்த ஊரில் ஆடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினான். கார் ரந்தாவ் சாலையில் திரும்பி மறையும்வரை துரைசிங்கம் குனிந்தபடியே நின்றார்.

வெள்ளைக்காரத் துரை கப்பலேறி ஓடி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ரப்பர் பால் வாங்க ஆளில்லாமல் பாதி மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி போட்டிருந்தார்கள். இப்போது சயாமில் ரயில் பாதை போட ஒவ்வொரு தோட்டமும் ஆள் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. இந்தத் தோட்டத்துக்கு முப்பது பேர். வெள்ளிக்கிழமை காலை லாரி வரும். மூன்று மாதம்தான், அரிசியும் துணியும் உண்டு என்று சொன்னார்கள். சொன்னவர்களின் முகத்தைப் பார்த்த யாருக்கும் அதில் நம்பிக்கை வரவில்லை. இந்த அதிகாரிக்கோ பந்தாட்டப் பைத்தியம். ஏப்ரல் கடைசியில் சக்கரவர்த்தி பிறந்தநாளுக்குச் சிரம்பான் திடலில் இந்தத் தோட்டமும் கோலா சாவா பக்கத்துத் தோட்டமும் மோதவேண்டும். அதனால் ஆட்டக்காரர்கள் லாரியில் ஏறவேண்டாம் என்பது அவன் போட்ட தனி உத்தரவு.

குழுவில் எப்போதும் ஆடுகிறவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களைத் திரட்டி, பந்தின் கிழிசலுக்கு ரப்பர் பால் தடவி ஒட்டவைத்து, நான்கு வருஷமாக நடத்தி வந்தவர் துரைசிங்கம்தான். பத்துப் பெயர்களை அவர் கை நிற்காமல் எழுதியது. பதினோராவது இடத்தில் பேனா நின்றுவிட்டது. மாயாண்டியா, கணேசமூர்த்தியா?

மாயாண்டிக்கு ஆறடிக்கு மேல் உயரம். வெட்டுக்காட்டில் இரண்டு பேர் தூக்கும் கட்டையைத் தனியாகத் தூக்குவான். எதிராளியின் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சென்டர் பார்வர்டாக நடுவில் நிற்பான். அவன் ஓடிப் பார்த்தவர்கள் குறைவு. பின்னாலிருந்து உயரமாக வரும் பந்தை நெஞ்சில் வாங்குவான், அல்லது தலையால் தட்டுவான். அது தரையில் விழுவதற்குள் பக்கத்தில் ஆடும் அர்ச்சுனன் பாய்ந்து வந்து கோல் அடித்துவிடுவான். தோட்டமே அர்ச்சுனனைத் தோளில் தூக்கும். நான்கு வருஷத்தில் மாயாண்டி அடித்த கோல் ஆறு. அதிலும் ஒன்று அவன் முழங்காலில் பட்டுத் தானாகப் போனது. கணேசமூர்த்திக்குப் பத்தொன்பது வயது. மான் மாதிரி ஓடுவான். கடைசியாக ஆடிய இரண்டு ஆட்டங்களில் மூன்று கோல் போட்டிருந்தான்.

மறுநாள் அர்ச்சுனனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு. மாயாண்டி இல்லாட்டி உனக்குக் கஷ்டமோ?"

அர்ச்சுனன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். "அவன் நின்னா ஒரு தெம்புங்க கிராணியாரே."

"தெம்பு எண்டா? அவன் என்ன செய்யிறான் எண்டு சொல்லு பாப்பம்."

"என்னாத்தச் சொல்றது... நிப்பாங்க. அவன் நிக்கிறான்னு நமக்குத் தெரியும் லா. அவ்ளோதாங்க."

"கோல் போடுறது நீதானே?"

"ஆமாங்க" என்றான் அர்ச்சுனன். சொன்ன பிறகு அவன் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. இன்னும் ஏதோ சொல்ல வந்தவன்போல் வாசலில் நின்றான். பிறகு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் கணேசமூர்த்தியின் தாய் செல்லம்மா துரைசிங்கத்தின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். அவளுக்கு இருப்பது அந்த ஒரு பிள்ளைதான். துரைசிங்கத்தின் மனைவி பூரணம் முன்னறைக்கு வந்து, "அந்தப் பொடியனை எப்பிடியும் மறிச்சு வையுங்கோ" என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. அழுகிறவர்களைப் பார்த்து ஆள் எடுப்பதென்றால் முப்பது வீட்டிலும் அழுகைதான், ஆட்டத்துக்கு யார் உதவுவான் என்று மட்டும்தான் நான் பார்ப்பேன் என்றார். அப்படிச் சொன்னதில் அவருக்கு ஒரு நிமிர்வுகூட இருந்தது. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாமல், கோலை மட்டும் வைத்துப் பார்த்து, பதினோராவது இடத்தில் கணேசமூர்த்தி என்று எழுதினார். மாயாண்டியின் மனைவி பஞ்சாலை யாருடைய அடுப்படிக்கும் வந்து அழவில்லை என்பது அப்போது அவர் நினைவில் இல்லை.

வியாழக்கிழமை காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், கங்காணிகள் ஆட்களை எண்ணி முடித்ததும், மாயாண்டியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். 

"கணேசமூர்த்தி நல்லா ஓடுவாங்க" என்றான். "மூணு மாசந்தானுங்களே?"

"அப்பிடித்தான் சொல்லுறாங்கள்."

"சரிங்க."

அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் திரும்பி நடந்தது. வெள்ளிக்கிழமை லாரியில் அவன் கடைசியாக ஏறினான். இடம் போதாமல் பின்பலகையை ஒட்டி நின்றுகொண்டு, பக்கத்தில் நின்ற இரண்டு வயசாளிகள் விழாமலிருக்க இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டான்.

சிரம்பான் திடலில் பிறந்தநாள் ஆட்டம் மத்தியானத்திலேயே தொடங்கியது. முதல் பத்து நிமிஷத்திலேயே துரைசிங்கம் எழுந்து கோட்டோரத்துக்கு வந்துவிட்டார். பின்னாலிருந்து அடிக்கிற பந்தெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. நடுவில் அதை வாங்கி நிறுத்த ஆளில்லை. கோலா சாவாக்காரர்களின் கோலுக்கு முன்னால் தடுத்தாடும் நடுப்பேக் முருகையா, பாறை மாதிரி ஆள், கணேசமூர்த்தி எம்பும்போதெல்லாம் அவன் தலைக்கு மேலே பந்தை எடுத்துக்கொண்டான். பையன் ஓடினான், ஓடினான், ஓடுவதற்குப் பந்துதான் வரவில்லை. அர்ச்சுனன் பந்தைத் தேடித் தன் பக்கத்துக் கோல்வரைக்கும் வந்துவிட்டான். ஒரு தரம் நடுத்திடலில் நின்று, யாரோ நிற்கவேண்டிய இடத்தை வெறித்துப் பார்த்தான். அர்ச்சுனன் சொல்ல முடியாமல் போனது என்னவென்று துரைசிங்கம் அந்த வெற்று இடத்தில் பார்த்தார். நான்கு வருஷமாக அவர் கண் பந்தின் பின்னாலேயே ஓடியிருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது முருகையா அவரைத் தேடி வந்தான்.

"ஒங்க நெட்டையன் எங்கங்க கிராணியாரே? ஒடம்புக்கு முடியலியா?"

"சயாமுக்குப் போயிட்டான்."

முருகையா வாய்க்குக் கொண்டுபோன தகரக் குவளையை இறக்கினான். "அவனையா அனுப்புனீங்க?"

"அவன் கோல் அடிக்கிறேல்லையே" என்றார் துரைசிங்கம். தன் குரல் தனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"அவன் எதுக்குங்க அடிக்கணும்? நானும் இன்னொருத்தனும் அவன் முதுகுலயே ஒட்டிக்கிட்டுக் கெடப்போம் லா. முட்டியால இடிப்போம், சட்டையப் புடிச்சு இழுப்போம், அசைய மாட்டான். பந்து அவன் நெஞ்சுல வந்து புள்ள மாதிரி படுத்துக்கும். நாங்க ரெண்டு பேரும் அவனோட மல்லுக்கட்டுற நேரத்துல ஒங்க அர்ச்சுனன் தனியா நிப்பான். அவன் கண்ண மூடிக்கிட்டு அடிச்சாலும் கோலுதாங்க." குவளையிலிருந்த தண்ணீரைப் புல்லில் கொட்டினான். "ஒங்ககூட ஆட்டம்னா மொத நாளே எனக்குச் சோறு எறங்காது. ஆட்டம் முடிஞ்சா தோள்ல கையப் போட்டு, வலிக்குதாண்ணேன்னு கேப்பான். இன்னிக்கி எனக்கு வேலையே இல்லீங்க."

ஜூன் மாதம் இரண்டாவது லாரி வந்தது. தோற்ற குழுவை அந்த அதிகாரி மறந்தே போயிருந்தான். இந்த முறை கிராணியிடம் பெயர் கேட்கவும் இல்லை. பெரட்டில் நின்றவர்களில் கைக்கு அகப்பட்டவர்களைத் துப்பாக்கி முனையில் ஏற்றினார்கள். பதினோரு பேரில் ஐந்து பேர் அதில் போனார்கள். கணேசமூர்த்தியும் போனான். செல்லம்மா அதன் பிறகு அடுப்படிப் பக்கம் வரவில்லை. வழியில் கண்டால் ஒதுங்கிப் போனாள்.

மூன்று மாதம் ஐந்து மாதமாயிற்று. யாரும் திரும்பவில்லை, கடுதாசியும் இல்லை. செப்டம்பரில் ஒரு பிற்பகல் துரைசிங்கம் குடையை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தார். தலை எண்ணுவதற்குத் தவிர அவர் லயத்துப் பக்கம் போனதில்லை. பஞ்சாலை வீட்டு வாசலில் உட்கார்ந்து, காயவைப்பதற்காக மரவள்ளிக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். கித்தான் சாக்கைக் கிழித்து உடுத்தியிருந்தாள். அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"சேதி ஏதும் வந்துச்சுங்களா?"

"இல்லை, பஞ்சாலை. ஒண்டும் வரேல்லை. நான் சும்மா..." அவர் குடையைக் கை மாற்றினார். "பேரை எடுத்தது நான்தான். அதைச் சொல்லவேணும் எண்டு வந்தனான்."

"தெரியுங்க." அவள் மறுபடி உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். "போறதுக்கு மொத நாளு சொன்னாரு. கோலு போடாதவன வச்சுக்கிட்டு என்னா பண்ணுவாங்க, கிராணியாரு செஞ்சது நாயந்தான்னாரு. அதையே ரெண்டு மூணு வாட்டி சொன்னாருங்க. அப்பறம் படுத்துட்டாரு."

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதன் லாரியில் நின்றிருக்கிறான். எந்தக் காட்டில் எந்தக் கட்டையைத் தோளில் வைத்திருக்கிறானோ, அங்கேயும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பான். அது பிழை என்று அவனுக்குச் சொல்ல உலகத்தில் வழியில்லை.

"அது நியாயம் இல்லை" என்றார். "நான் பிழையாய்ப் பாத்திட்டன். அவன் இல்லாமல் அவங்கள் ஒருத்தரும் ஒண்டும் இல்லை. அண்டைக்குச் சிரம்பான் ஆட்டத்திலைதான் எனக்கு விளங்கினது."

பஞ்சாலையின் கை நின்றது. "அப்ப அவரு நல்லா ஆடுவாருங்களா? நா ஒரு நாளும் பாத்ததில்லீங்க. பொம்பளைங்க யாரு திடலுக்குப் போறோம்? வந்து மேலு வலிக்குதும்பாரு. முதுகெல்லாம் கன்னிப்போயி இருக்கும். எண்ண தேச்சு விடுவேன். கோலு போட்டீங்களான்னு கேட்டா இல்லம்பாரு."

துரைசிங்கம் வாயால் சொல்லப் பார்த்தார். பின்னாலிருந்து பந்து வரும் என்றார், இரண்டு பேர் முட்டுவார்கள் என்றார். அவளுக்கு விளங்கவில்லை, சொல்லச் சொல்ல அவருக்கே அது ஒன்றுமில்லாததுபோல் ஆனது. கடைசியில் குடையைச் சுவரில் சாத்திவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு ஏற்றிவிட்டு, லயத்துச் சாக்கடைக் காணைத் தாண்டி முன்னாலிருந்த மண்தரையில் போய் நின்றார்.

"பாத்துக்கொள். கோல் எனக்குப் பின்னாலை. பந்து உன்ரை பக்கத்தாலை வருகுது. அவன் இப்பிடி நிப்பான்."

காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகில் இரண்டு பேரைத் தாங்குகிறவர்போல் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றார். ஐம்பத்திரண்டு வயசு உடம்பு நடுங்கியது. அடுத்தடுத்த வாசல்களில் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பஞ்சாலை கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். தூங்கிக்கொண்டிருந்த தன் இரண்டு வயது மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பாரு" என்றாள் பிள்ளையிடம். "ஒங்கப்பா இப்புடித்தான் நிப்பாராம்."

பிள்ளை தூக்கம் கலையாத கண்ணால் அவரைப் பார்த்தது. வெயிலில் கையை விரித்து நிற்கும் இந்தப் பெரியவர் தன்னைத் தூக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்ததோ என்னவோ, தாயின் இடுப்பிலிருந்து சாய்ந்து, அதுவும் தன் இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டியது. அவர் விரித்த கையை மடக்கத் தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.