விலிசோனி தின்ற மீன்

1

இந்தக் கதை ஒரு பாடத்திலிருந்து பிறந்தது. எங்கள் தீவுப் பள்ளிக்கு எழுதித் தரச் சொன்னார்கள்: 'இளம் மன்னரின் தொடக்க ஆட்சி: நிறைகளும் குறைகளும்.' இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை என்று கோடு போட்டு உட்கார்ந்தேன். நடுவில் ஒரு மீன் வந்து கிடந்தது. எந்தப் பக்கம் தள்ளினாலும் மறுபக்கம் நாறியது. பாடத்தைக் கைவிட்டேன். இனி இது கதை. மன்னன் கற்பனை, தீவும் கற்பனை, வரைபடத்தில் தேடி ஏமாற வேண்டாம்.

2

தொடக்கம் ஒன்று: 'பத்தொன்பது வயதில் அரியணை ஏறிய விலிசோனி, கதிரவனைப் போல—'

வேண்டாம். எங்கள் ஊர் வெயில் முதுகுத் தோலை உரித்துவிடும். அதைப் போன்றவன் அருகே யார் போவார்கள்?

தொடக்கம் இரண்டு: தந்தை இறந்ததும் வழக்கப்படி பவளத்திட்டு மூடப்பட்டது. துக்கம் முடியும்வரை அங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது. மீறினால் குடும்பத்தோடு தீவை விட்டுப் போக வேண்டும். அதே பருவத்தில் புயல் வந்து கிழங்குத் தோட்டங்களை வாரிக்கொண்டு போனது. புது மன்னன் நினைத்தால் தடையை நீக்கலாம். ஆனால் பெற்றவனின் துக்கத்தை வயிற்றுக்காகக் குறைத்தவன் என்ற பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். அவன் யோசித்தான். (யோசிக்கிறவன் என்பதை நிறையில் எழுதியிருந்தேன். யோசித்துக்கொண்டே இருந்தான் என்பதைக் குறையில்.)

3

அவன் காவலாளி இல்லாமல் நடந்து திரிவான். ஒரு காலையில் கரையோரம் புகை தெரிந்தது. போய்ப் பார்த்தால் பௌலியாசி என்கிற படகுக்காரன் மீன் சுட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் கைக்குழந்தையோடு அவன் மனைவி மெலே.

"திட்டு மீனா அண்ணே?" என்றான் விலிசோனி.

"வானத்துலேர்ந்து விழல, ராசா."

"புள்ளைக்குப் பால் ஊறல," என்றாள் மெலே. "குத்தம்தான். அதுக்காக நின்னுக்கிட்டே இருக்கணுமா? உக்காருங்க. நீங்களும்தான் கன்னம் ஒட்டிப் போயிருக்கீங்க. அரமனையிலயும் அடுப்பு எரியலயா?"

அவன் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். அவள் நீட்டிய வால் துண்டை வாங்கித் தின்றான்.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வரைவில் மெலே இல்லை. மீன் சுட ஓர் ஆள் போதும் என்று நினைத்தேன். அவள் சொல்லாமல் மன்னன் உட்காரவே இல்லை, நானும் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன்.)

குடிகளோடு ஒன்றாக உண்டான். தன் பெயரால் நிற்கும் தடையைத் தானே மீறினான். கோட்டின் இரு பக்கமும் ஒரே வாய்தான்.

4

பௌலியாசி அடுப்பு மூட்டிய இடத்தில் யாரோ மீன் முள்ளைப் பார்த்துவிட்டார்கள். சபை கூடியது. எங்கள் சபையில் மன்னன் வாய் திறப்பதில்லை. மூத்த தலைவர் சியாலே விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார், மன்னன் கவா என்னும் வேர்ச்சாறு நிரம்பிய கிண்ணத்தை வாங்கிக் குடிப்பான். குடித்தால் தீர்ப்பு முடிந்தது. பிறகு அதை யாரும் பேசக் கூடாது.

"தனியாத்தான் தின்னியா?" என்று கேட்டார் சியாலே. "கூட ஆள் இருந்தா சொல்லிரு. பழியில பாதி அவனுக்குப் போகும்."

பௌலியாசி மன்னன் பக்கம் திரும்பவே இல்லை.

"தனியாத்தான். அது ஒரு விரல் நீளம். அதுல பங்கு வேறயா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சியாலே தீர்ப்பைச் சொன்னார்: குடும்பத்தோடு வெளியேற வேண்டும். கிண்ணம் விலிசோனியின் கைக்கு வந்தது.

5

முடிவு அ: 'நானும் தின்னேன்' என்கிறான். தலைவர்கள் எழுந்து போகிறார்கள். அரியணைக்கு ஆசைப்படும் சித்தப்பன் ஒருவன் எப்போதும் தயார். தீவு இரண்டாகிறது. பௌலியாசி தப்பலாம், தப்பாமலும் போகலாம்.

முடிவு ஆ: குடிக்கிறான். நெடுங்காலம் நன்றாக ஆள்கிறான். ஆனால் மீனைக் கண்டாலே அவன் கண்கள்— அடித்துவிட்டேன். மலிவான கண்ணீர்.

முடிவு இ: கிண்ணம் கை நழுவி விழுகிறது. இது என் கோழைத்தனம். அதை அவன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

6

சபைக்குள் மெலேக்கு இடமில்லை. குழந்தையோடு வாசலில் நிற்கிறாள். காகிதத்தோடு என்னைப் பார்த்துவிட்டாள்.

"நீங்கதானே எழுதுறீங்க?"

"ஆமா, தாயி."

"வால் துண்ட யாரு தின்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஆனா நான் வெறும் எழுதுறவன்."

"புள்ளையத் தூக்கிக்கிட்டுப் படகேறப் போறவ நானு. அந்த மனுசன் வாயைத் திறக்க மாட்டாரு. ராசா திறக்கக் கூடாதாம். நீங்களும் எழுதுறவருன்னா, யாருதான் சொல்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

உள்ளே கிண்ணம் விலிசோனியின் உதட்டுக்கு அருகில் நிற்கிறது. கவா குளிர்ந்த பானம், ஆறட்டும் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. பௌலியாசி தனியாகத் தின்னவில்லை என்பது மன்னனுக்குத் தெரியும், மெலேக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

மெலே என்னை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறாள்.