ரெயால் வீட்டுக் களிமண்

அக்டோபர் 14, செவ்வாய். ஒரு சிறு தவறு. போன வாரம் கதை எழுதும் மாலை வகுப்பில் வாசித்த வரைவில், "சுரங்கத்துக்குப் பக்கத்து வீடு அதிகம் ஆடியது, தூரத்து வீடு குறைவாக ஆடியது" என்று எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் அது பொய். அந்தப் பொய்யிலிருந்துதான் இந்தக் கதை.

1
பூமி நடுங்கியது. ஐலா திடுக்கிட்டு—

(வேண்டாம். இங்கே தினமும் நடுங்கும். ஐந்து மணிக்கு ஆட்கள் மேலே வந்ததும் கீழே சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். ஊரே காப்பிக் கோப்பையை மேசையிலிருந்து கையில் எடுத்துக்கொள்ளும். யாரும் திடுக்கிட மாட்டார்கள்.)

2
சுரங்கத்தில் அதிர்வு அளப்பவள் ஐலா. அங்கே வெடிக்குத் துளை போட்டு ஓய்வுபெற்ற ரெயால், வெடியால் தன் வீட்டு நிலவறைச் சுவர் விரிசல் விட்டதாகப் புகார் கொடுத்திருந்தார். அவர் தோட்டத்தில் துருத்திநின்ற பாறையில் ஐலா கருவியைத் திருகாணியால் முடுக்கினாள். அதிர்வின் அளவு, அனுமதித்த வரம்புக்கு வெகு கீழே. 'வெடி காரணமல்ல' என்று அறிக்கை எழுதினாள்.

"பாறைய அளந்துட்டுப் போறியே பொண்ணே, நான் என்ன பாறை மேலயா படுத்துத் தூங்குறேன்?"

"கெட்டியான இடத்துலதான் வைக்கணும், ரெயால். அதான் முறை."

"முப்பது வருஷம் துளை போட்டவன்கிட்டயே முறை சொல்றியா? வீட்டுக்கடியில தோண்டிப் பாரு. பழைய ஏரிக் களிமண்ணு. கரண்டிய வெச்சாலே அமுங்கும்."

3
அவர் சொன்னது சரி. கெட்டிப் பாறையில் அதிர்வு சட்டென்று கடந்துவிடும். களிமண்ணுக்குள் வந்ததும் வேகம் குறைந்து, வீச்சு பெருத்து, நிதானமாக ஆட்டும். தூரத்தைவிட அடியில் இருக்கும் மண்தான் கணக்கு: பத்தடி இடைவெளியில் இரண்டு பூமி.

இவ்வளவு ஒழுங்கான ஐலா இப்படித் தவறுவாளா என்று சந்தேகப்பட்டேன். தவறுவாள். திருகாணி பிடிக்கும் இடமே நல்ல இடம் என்று நம்பியவள்.*

* நம்பியது நான்தான். 'ஐலா' வகுப்புக்காக வைத்த பெயர்.

4
முடிவு அ: களிமண்ணில் அளவு வரம்பைத் தாண்டுகிறது. ரெயாலுக்குச் சுவர் கட்டித் தருகிறார்கள்.

முடிவு ஆ: தாண்டவில்லை. சுவர் வெறுமனே கிழடாகிவிட்டது. ரெயால் என்னை—

இரண்டையும் அடித்துவிட்டேன். களிமண்ணில் அளந்த எண் தெரியாமல் முடிவெழுதியதுதானே என் தவறு. நீங்கள் வேண்டுமானால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ரெயாலுக்கான மறுப்புக் கடிதம் வியாழக்கிழமை தபாலில் சேர இருந்தது. இன்று மேலாளரிடம் போய் என் அறிக்கையைத் திரும்பக் கேட்டேன்.

"தப்புன்னு உன் பேரு போட்டு எழுதித் தரணும். பரவாயில்லையா?"

"எழுதியே கொண்டுவந்திருக்கேன்."

நாளை: ஐந்து மணி வெடிக்கு முன், நாலு மணிக்குள் ரெயால் வீட்டுச் சுவரையொட்டிக் களிமண்ணில் ஒரு முழம் தோண்டிக் கருவியைப் புதைக்க வேண்டும். மண்வெட்டி எடுத்துப் போக வேண்டும்.