பி.பி. நம்பர் வீட்டில் ஒரு மோடம்

ஜீவனஹள்ளியில எங்க சந்துல போன் இருந்த ஒரே வீடு எங்க வீடுதான். சொந்த போன் இல்லாதவங்க பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, ஓரத்துல பி.பி.ன்னு எழுதுவாங்க இல்லையா, அப்படி அஞ்சு வீட்டுக்கு எங்க நம்பர்தான். அது தொண்ணூத்தெட்டாம் வருஷம். அடுப்புல குழம்பு கொதிக்கும், போன் அடிக்கும், நான் கரண்டியோட வாசலுக்கு ஓடிப்போய், "ஜெயாக்கா, உங்களுக்கு போன்"னு தொண்டை கிழியக் கத்துவேன். ஆறு வருஷத்துல எனக்குன்னு ஒரு போன் வந்ததில்லை. எனக்கு யாரு பண்ணப் போறா? அம்மா வீடு நீலசந்திராவுல. பேசணும்னு தோணினா அவங்க பஸ் ஏறி வந்துடுவாங்க.

நான் அப்போ கார்மென்ட்ஸ்ல பேக்கிங். பன்னெண்டு வருஷம் நின்னுகிட்டே செஞ்ச வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ரெண்டு காலும் என்னோடது இல்லை. ஆனா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ நான். வீட்டுல இருந்தே டைப் அடிச்சு அனுப்ப ஆள் வேணும்னு ஒரு கம்பெனி விளம்பரம் போட்டப்ப, எழுதிப் போட்டேன். சோதனைக்கு நாப்பது பக்கம் கொடுத்தாங்க. சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள மெயில்ல வந்து சேரணும், வேலை சரியா இருந்தா ஆறு மணிக்குள்ள போன் பண்ணுவோம், போன்ல ஆள் கிடைக்கலைன்னா அடுத்த பேருக்குப் போயிடுவோம்னு கறாரா சொல்லிட்டாங்க. இது கிடைச்சா உக்காந்து வேலை செய்யலாம். என் ஆசை அவ்வளவுதான், உக்காரணும்.

கம்ப்யூட்டர் என் வீட்டுக்காரர் உத்தமன் ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது. போன் லைன் வழியா கம்ப்யூட்டரை நெட்ல சேக்கற மோடம், எஸ்.பி. ரோடுல அவரே பேரம் பேசி வாங்கிட்டு வந்த செகண்ட் ஹேண்ட். டிபன் பாக்ஸ் சைசு, முன்பக்கம் வரிசையா சிவப்பு லைட்டு. போன் லைன்ல இருந்து ஒயர் இழுத்து உள் ரூமுல மாட்டினாரு. மூணு நாள் அவரும் அதுவும் மல்லுக்கட்டினதுதான் மிச்சம். கடைசியில லிங்கராஜபுரத்துல இருந்து அவர் சிநேகிதர் யூஜின் வந்தாரு. போன் ஒயரிங் பண்றவரு. ரெண்டு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுட்டு சிரிச்சாரு.

"சிஸ்டர், உங்க லைன் பழசு. இது பீப் பீப்னு கூப்பிடுது. உங்க எக்ஸ்சேஞ்சுக்கு அது புரியாது. டயலைச் சுத்தற மாதிரி டக் டக்னு கூப்பிட்டாதான் புரியும்."

எதையோ ஒண்ணை மாத்தினாரு. டக் டக் டக். அப்புறம் பூனை வாலை மிதிச்ச மாதிரி ஒரு கீச்சல், கர்ர்ருன்னு ஒரு இரைச்சல், திடீர்னு அமைதி. லைட்டு எல்லாம் எரிஞ்சுது. "நெட்ல இருக்கறப்ப ஹால் போனை யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தா கட்டாயிடும்"னு சொல்லிட்டு, டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு. அதுக்கு மேல அவரும் சொல்லலை, நானும் கேக்கலை.

சனிக்கிழமை வீட்டுக்காரருக்கு ஷிப்ட். நான் மட்டும்தான். நாலு மணிக்கு ஃபைலை அனுப்ப ஆரம்பிச்சேன். எங்க லைன் வேகத்துக்கு அது இருபது நிமிஷம் நகரும். முக்கால்வாசி போயிருக்கும், ஜெயாக்கா வழக்கம்போல திறந்த கதவைத் தள்ளிகிட்டு வந்து போனை எடுத்துட்டாங்க. எதிர் வீடு, ஓசூர்ல இருக்கற தம்பிகூடப் பேசணும்.

"ஏய் சரசு, போனுக்குள்ள யாரோ கத்தறாங்கடி."

"வைங்கக்கா, மொதல்ல வைங்க."

வெச்சாங்க. அதுக்குள்ள லைன் போயிடுச்சு. விஷயத்தைச் சொன்னேன். "சரிம்மா, ஸ்வல்ப நேரம் கழிச்சு வரேன்"னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுகிட்டுப் போனாங்க. மறுபடியும் முதல்ல இருந்து. நாலே முக்காலுக்கு முழுசாப் போய்ச் சேர்ந்துச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. டீ போட்டுகிட்டு வந்து மோடத்துக்கு முன்னாடியே உக்காந்துட்டேன்.

லைனை மட்டும் கட் பண்ணலை. கட் பண்ணினா, போன ஃபைல் பாதி வழியில நின்னுடுமோன்னு ஒரு பயம். போன்ல பேச்சு முடியறதுக்கு முன்னாடி வெச்சுட்டா அந்தப் பக்கம் கேக்காது இல்ல, அப்படித்தான் இதுவும்னு நெனச்சுட்டேன். வீடும் அமைதியா இருந்துச்சு. சனிக்கிழமையும் அதுவுமா அஞ்சு வீட்டுல ஒரு வீட்டுக்குக்கூட போன் வரலை. அப்பாடா, என்ன நிம்மதின்னு டீயை ரசிச்சுக் குடிச்சேன். மோடம் லைனைப் பிடிச்சுகிட்டு இருந்தா வெளியில இருந்து யாரும் கூப்பிட முடியாதுங்கறது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

அஞ்சரை ஆச்சு. போன் அடிக்கலை. அஞ்சே முக்காலும் ஆச்சு. நாப்பது பக்கத்துல எங்கே தப்பு விட்டேன்னு ஒவ்வொண்ணா யோசிச்சேன். அஞ்சு அம்பதுக்கு ஜெயாக்கா மறுபடியும் வந்தாங்க, ஒரு வார்த்தை கேக்காம ரிசீவரை எடுத்தாங்க. லைட்டு அணைஞ்சுது.

எனக்கு வந்துச்சே கோவம். "ஒரு தடவை சொன்னா புரியாதாக்கா உங்களுக்கு? ஆறு வருஷமா உங்களுக்கு எல்லாம் கத்திக் கத்தியே என் தொண்டை போச்சு. எனக்குன்னு ஒரே ஒரு நாள் இந்தப் போன் வேணும், அதுலயும் மண்ணைப் போட்டுட்டீங்க."

ஜெயாக்கா ரிசீவரை மெதுவா வெச்சாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. சொன்ன வாய் எனக்கே கசந்துச்சு. அவங்க திரும்பி வாசல்கிட்டகூடப் போகலை, அதுக்குள்ள போன் அடிச்சுது. ஆறு வருஷப் பழக்கம், கோவத்துலயும் அவங்க கை தானாப் போச்சு. அவங்கதான் எடுத்தாங்க.

"ஹலோ... யாரு? அப்படியா, ஒரு மணி நேரமாவா பண்றீங்க? இருங்க, வெச்சுடாதீங்க, கூப்பிடறேன்."

யாரு வீட்டுக்கோ, நான்தானே கத்தணும்னு அலுப்போட எழுந்து வாசலுக்கு வந்தேன். ஜெயாக்காவும் ரிசீவரை மேஜை மேல வெச்சுட்டு என் பக்கத்துல வந்து நின்னாங்க.

"எந்த வீட்டுக்குக்கா?"ன்னு கேட்டேன்.

அவங்க என்னைப் பாக்கலை. சந்துப் பக்கம் பாத்து, அஞ்சு வீட்டுக்கும் கேக்கற மாதிரி, ஒட்டி நிக்கற எனக்கே கத்தினாங்க. "சரசூ, உனக்கு போன்டி. கம்பெனியில இருந்து."

நான் உள்ள போய், நாற்காலியை இழுத்துப் போட்டு, நல்லா உக்காந்துகிட்டு ரிசீவரை எடுத்தேன்.