சுற்றில் இருக்கும் புத்தகங்கள்

இன்றைக்கும் யாரும் வரப்போவதில்லை. வந்தாலும் மழைக்கு ஒதுங்கத்தான் வருவார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டுதான் செந்தமிழ்ச்செல்வி நூலகக் கதவைத் திறந்தாள். கரியாலூரைத் தாண்டி மேலே ஏறினால் வரும் சிற்றூர் அது. கணவன் இறந்த பிறகு, சங்கராபுரத்திலிருந்து இந்த ஊராட்சி நூலக வேலைக்கு வந்தவள் பின்னறையிலேயே தங்கிவிட்டாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கம்பளி. பேச ஆள் கிடைக்காத நாட்களில் பேப்பரை உரக்கப் படிப்பாள். தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

மழை விட்ட நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் தனசேகரன். தலையைத் துடைத்துக்கொண்டே அலமாரிகளைப் பார்த்தார்.

“இன்னாம்மா, பாதி காலியா கீது?”

“சுத்துல இருக்குது சார்.”

“சுத்துலன்னா?”

அந்த மலையில் எடுத்துப்போன புத்தகத்தை யாரும் நேராகத் திருப்பித் தருவதில்லை. படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். அங்கிருந்து அடுத்த வீடு, ஓடை தாண்டி அடுத்த ஊர். சாமை விதை கைமாறுவதுபோல் அதுவும் கைமாறும். கடைசி வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து தருவார், வெறுங்கையோடு வரமாட்டார். ஒரு பிடி புளியோ கிழங்கோ இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகம் எந்தெந்த வீட்டில் தங்கியது, எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் எந்த இடத்தில் அழுதார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுவார். செல்விக்கு வாய்த்த விருந்தாளிகள் அவர்கள்தான்.

அவள் சொன்னதைக் கேட்டுத் தனசேகரன் சிரித்தார். “நல்லா சீட்டுக் கம்பெனி நடத்திக்கினு கீறீங்க.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். இனி ஊராட்சி நூலகம் வேறு, நகர நூலகம் வேறு என்பது கிடையாது. எல்லாம் மாவட்டத்தின் கீழ் ஒரே நிர்வாகம். புத்தகங்கள் மொத்தமும் கள்ளக்குறிச்சிக்கு வந்து, எண் ஒட்டி, இனி அங்கேயே இருக்கும். எடுத்தவரே குறித்த நாளில் கொண்டுவந்து தர வேண்டும், கைமாற்றக் கூடாது.

“உங்களுக்கும் டவுன்ல எடம் கேட்டு வச்சிருக்கேம்மா. நாலு பேரு கூட ஒக்காந்து வேலை பாக்கலாம். இந்தக் குளிர்ல தனியா இன்னா பண்றீங்க?”

அவர் மனிதர் நல்லவர். அதனாலேயே அந்தக் கேள்வி அவளுக்கு எங்கேயோ போய்த் தைத்தது.

அப்போது வாசலில் இருசம்மாள் வந்து நின்றாள். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. முந்தானைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தாள். அடுப்புப் புகை வாசனை அடித்தது.

“இந்தா செல்வி. கொளஞ்சி மவ முடிக்காம தரமாட்டேன்னு ஒரே அழுவாச்சி. புடுங்கிக்கினு வந்தேன். அந்த வூட்ல நடந்த கூத்தைக் கேட்டீன்னா...” ஆய்வாளரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். “சார் கீறாங்க. அப்பறமா வரேன்.”

மரவள்ளிக் கிழங்கைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். அது என்ன கூத்து என்று செல்விக்குத் தெரியாமலே போயிற்று. எத்தனையோ நாள் கழித்து வந்த ஆள். பெஞ்சில் கிழங்கு மட்டும் உட்கார்ந்திருந்தது.

“பாத்தீங்களா, வாங்கியாந்து குடுக்கறாங்களே,” என்றார் தனசேகரன். “வெள்ளிக்கெழம வண்டி அனுப்பறேன். அதுக்குள்ள எல்லாத்தையும் கொண்டாந்து போடச் சொல்லி ஊரு ஊருக்குச் சொல்லிவுடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

கேட்பார்கள். அது அவளுக்கும் தெரியும். ஒரே நாளில் எல்லாரும் வந்து, அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் அந்தப் பாதையில் ஏறிவர யாருக்கும் காரணம் இருக்காது. டவுனில் எதிரே வரிசையாக ஆட்கள் நிற்பார்கள், அட்டையை நீட்டுவார்கள், போவார்கள். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

மலைச்சனத்தின் படிப்புக்காக என்று அவள் சொல்லியிருக்கலாம். அவரும் மதித்திருப்பார். ஆனால் முழுக்க அது இல்லையே. எங்கோ ஒரு வீட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது, அதைத் தர ஒருநாள் ஒருவர் வருவார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்தாள். அதை நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்ட பிறகும் மனது மாறவில்லை.

“அலமாரில இருக்கறத எடுத்துக்கினு போங்க சார். வெளிய இருக்கறத நான் கேக்கமாட்டேன்.”

“இன்னாம்மா சொல்றீங்க? மேல என்னைத்தான் கேப்பாங்க. உங்க வேலைக்கே...”

“தெரியும் சார்.”

அவர் காத்திருந்தார். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருசம்மாள் தந்த புத்தகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள் செல்வி.

“கேக்கமாட்டேன் சார்,” என்றாள் மறுபடியும், குரலை உயர்த்தாமல்.